கட்டாதவருக்கும் கிடைத்த சலுகை

2019 செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிறுவன வரியைக் குறைத்தார். விலக்குகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு அடிப்படை வரி 22 சதவீதமானது. பெரிய நிறுவனங்கள் அதுவரை 30 சதவீதம் கட்டிவந்தன. அக்டோபர் 1 முதல் பதிவாகும் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம். இதனால் அரசு ஆண்டுக்கு இழப்பது 1.45 லட்சம் கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. முதலீடு பெருகும், வேலை பெருகும் என்பதே வாக்குறுதி.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. 20 சதவீத வரி வாங்கும் வியட்நாமோடும் தாய்லாந்தோடும் போட்டியிட நமக்கு இது தேவைப்பட்டது. விலக்குகளின் சிக்கலும் குறைந்தது.

ஆனால், வரி லாபத்தின் மீது விழுவது. வேலையோ ஆர்டரிலிருந்து பிறப்பது. 100 கோடி லாபம் ஈட்டும் பெரிய நிறுவனம் கூடுதல் வரிகளோடு முன்பு சுமார் 35 கோடி கட்டியது; இப்போது 25 கோடிக்குச் சற்று மேல். மிஞ்சும் பத்துக் கோடியில் கடனை அடைக்கலாம், பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஓர் ஆளைக்கூடப் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு வாகன விற்பனை சரிந்து, சென்னையைச் சுற்றியிருந்த ஆலைகளே உற்பத்தியை நிறுத்தும் நாட்களை அறிவித்துக்கொண்டிருந்தன. இருக்கும் இயந்திரமே சும்மா நிற்கும்போது புது இயந்திரம் யார் வாங்குவார்? கோவையில் அண்ணனும் தம்பியும் கூட்டாக நடத்தும் பட்டறைக்கோ இந்தக் குறைப்பே இல்லை. கூட்டாண்மை நிறுவனங்களுக்கு 30 சதவீதமே நீடித்தது.

வெளிநாட்டு முதலீட்டாளர் விகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை வரித் தகராறில் சிக்கியதால், மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய சொத்துகளில் சேர முடியாமல் 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். விதி நிலையாக இருக்கும் என்ற நம்பிக்கையே முதலீட்டுக்கு அடித்தளம்.

பெரிய குறை இதுதான்: 15 சதவீதச் சலுகை பெற 2024 மார்ச் 31-க்குள் உற்பத்தியைத் தொடங்க வேண்டியிருந்தது. கொரோனா விழுங்கிய ஆண்டுகள் போக, அந்தக் கதவு மூடிவிட்டது. ஆலை கட்டினால்தான் சலுகை என்ற பகுதி முடிந்தது. கட்டாவிட்டாலும் சலுகை என்ற பகுதி நிலைத்தது.

மாற்று வழி 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே இருந்தது. அதன் 80ஜேஜேஏஏ பிரிவின்படி, மாதம் 25,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் புதிய தொழிலாளருக்கு ஆகும் செலவில் 30 சதவீதத்தை மூன்றாண்டுகளுக்கு வருமானத்தில் கழிக்க முடிந்தது. அந்த ஊதிய வரம்பையும் சதவீதத்தையும் உயர்த்துவதே நேரான வழி. வேலையின் பெயரால் விட்டுக்கொடுக்கும் பணம் வேலை கொடுப்பவருக்குத்தான் போய்ச்சேர வேண்டும்.