எழுந்து நின்று கேட்பது

எருமப்பட்டியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். பக்கத்துக் கிராமத்தை விட்டு மகன் வீட்டோடு வந்து குடியிருப்பவர். "அங்கே இருந்தப்ப கிராம சபையிலே எந்திரிச்சு நாலு வார்த்தை கேப்பனுங்க. இங்கே எங்கே போய்க் கேக்கறது? ஊரு பெருசானா ஊர்க்காரன் சிறுசாயிருவானுங்களா?" என்றார்.

வேடிக்கைப் பேச்சு என்று தள்ளிவிட முடியவில்லை. எருமப்பட்டி பேரூராட்சி, அவருடைய பழைய ஊர் ஊராட்சி. ஊராட்சியில் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர் எல்லோரும் கிராம சபையின் அங்கத்தினர்கள். 1993-ல் அமலுக்கு வந்த 73-வது திருத்தம் கொடுத்த ஆசனம் அது. தலைவரையும் அவர்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரூராட்சியிலோ 2022-ல் ஜனங்கள் கவுன்சிலர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். தலைவரைக் கவுன்சிலர்கள் பார்த்துக்கொண்டார்கள். நகரங்களுக்கான 74-வது திருத்தம் வார்டுக் குழுவைக் கட்டாயமாக்கியதும் மூன்று லட்சமோ அதற்கு மேலோ ஜனத்தொகை உள்ள ஊர்களுக்குத்தான். தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபை என்ற ஒன்று கூடத் தொடங்கியது 2022 நவம்பரில்.

கிராம சபையைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் போயிருந்த ஒன்றில் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதிலேயே பாதி நேரம் கழிந்தது. ஆனாலும் ஒரு கிழவி எழுந்து, போன வருஷம் தீர்மானத்தில் எழுதிய குழாய் எங்கே என்று கேட்டாள். பதில் சரியாக வரவில்லை. கேள்வி மட்டும் நூறு பேர் காதில் விழுந்தது.

இதைவிட மோசம் இன்னொன்று. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல். ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம். சட்டசபைக்கு இப்படி நேர்ந்திருந்தால் தேசம் அல்லோலகல்லோலப்பட்டிருக்கும். சாக்கடைக்கும் தண்ணீருக்கும் பொறுப்பான சபைதானே என்று நாம் கொட்டாவி விட்டோம். நானும்தான், அந்த வருஷங்களில் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

ஆனால் மேடை ஏறினால் உத்தரமேரூர்க் குடவோலையைச் சொல்லிப் பூரித்துப் போகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ம் வருஷக் கல்வெட்டுகள் அவை. வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு - இவை இல்லாதவன் பெயர் குடத்துக்குள் போகாது. பெண்களைப் பற்றிய பேச்சே இல்லை. எனக்கு அதில் பிடித்தது ஒரே ஒரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது. இந்த விதியை மட்டும் எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.