கோப்பி போன பின்னும் பாட்டில் நிற்கும் கோப்பி

மலையக நாட்டார் பாடல் எனப்படுவது, இலங்கையின் நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை முதலிய இடங்களின் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் ஆக்கியோர் பெயரின்றி வாய்வழியாகக் காத்துவந்த தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி, காமன் பாட்டு ஆகியவற்றின் தொகுதியாகும். இவற்றை ரசிக்க விரும்புபவர் முதலில் கைவிட வேண்டியது, ஒரு பாடலுக்குச் சரியான வடிவம் ஒன்றுதான் உண்டு, மற்றவை அதன் பிழைகள் என்னும் எண்ணத்தை.

பாடலின் வேரைத் தேடுபவருக்குச் சொற்களே துணை. பாட்டில் வரும் ‘கண்டி’ பெரும்பாலும் கண்டி நகரம் அன்று. கடல் கடந்து வந்தவர்களுக்கு மலைநாடு முழுவதுமே கண்டிச் சீமையாக இருந்தமையால், ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டத்துப் பாட்டிலும் அச்சொல் ஒலிக்கும். கோப்பியும் அத்தகையதே. 1869இல் இலைத்துரு நோய் கண்ட கோப்பித் தோட்டங்கள் அடுத்த இருபதாண்டுகளில் நலிந்தொழிய, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிடத் தொடங்கிய தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. ஆகவே கோப்பி மரத்தைப் பாடும் பாடல் பழையதாக இருக்க வாய்ப்பு மிகுதி; ஆயினும் அம்மரத்தைக் கண்டிராத பேத்தியின் வாயிலும் எதுகைக்காகவோ பழக்கத்தாலோ அச்சொல் தங்கிவிடும் என்பதால், சொல்லின் வயதையே பாட்டின் வயதாகக் கொள்வது அவசரமாகும்.

தோட்டத்துத் தொழிற்சொற்களை அறியாமல் இப்பாடல்களின் கசப்பை உணர முடியாது. விடியலில் தப்பு என்னும் பறையடித்து ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது ‘பிரட்டு’. ஒரு நாள் வேலைக்கு ஏட்டில் விழும் பதிவு ‘பேர்’. கொழுந்து நிறை குறைந்தால் விழுவது ‘அரைப்பேர்’, அதாவது பாதிக் கூலி. அரைப்பேர் என்று ஒரு பெண் பாடும்போது அங்கே குறைந்திருப்பது அன்றிரவு உலையில் விழும் அரிசி. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து கை நிறைந்ததும், தலையில் மாட்டிய கயிற்றில் தொங்கும் கூடைக்குள் தோளுக்கு மேலாகப் பின்புறம் எறியப்படுகிறது. இந்த அசைவை ஒருமுறை உற்றுநோக்கியவருக்கு, பாட்டின் அடிகள் ஏன் இவ்வளவு குறுகியிருக்கின்றன என்பது விளக்கமின்றியே புலப்படக்கூடும்.

எழுத்தில் பதிவான வடிவங்களுள் முதன்மையாகக் கொள்ளத்தக்கது, மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளியான ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’; பின்னர் மு. சிவலிங்கமும் ஒரு தொகுப்பு அளித்தார். இத்தகைய தொகுப்புகளை அருகருகே விரித்து, தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணியின் பெயர் எங்கே மாறுகிறது, ஊர்ப்பெயர் எங்கே உதிர்கிறது என்று பார்ப்பதே சுவையான பயிற்சி. அச்சில் சொல் நிற்கும், மெட்டு நிற்பதில்லை. மௌனமாகப் படிப்பவர் பாதியையே பெறுகிறார்.

ஒப்பிட்டுப் பார்த்தால், இத்தாலிய மலைப் பாடல்களில் நிலைமை வேறு. திரெந்தோ நகரில் 1926இல் தோன்றிய எஸ்.ஏ.டி. பாடகர் குழுவைப் போன்ற ஆண்கள் குழுக்கள், பயின்ற இசையறிஞர்கள் பல குரல்களாகப் பிரித்து அமைத்த வடிவங்களைப் பாடி இசைத்தட்டுகளாக்கியதால், கேட்பவர் பெறுவது செப்பனிட்ட பாடல். ஆனால் அங்கும் திரிபு உண்டு: முதல் உலகப் போர்க்கால மலைப்படையினரின் ‘தளபதியின் உயில்’, 1528இல் இறந்த சலுத்சோ பிரபுவைப் பற்றிய பழம்பாடலின் வழித்தோன்றல் என்பர் ஆய்வாளர். அங்கே பிரபு தளபதியானார். இங்கே கங்காணியின் பெயர் மாறுகிறது.

மெட்டு நிற்கச் சொல் மாறுவதும் உண்டு. 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், பழகிய மெட்டுகளில் தாம் இயற்றிய அரசியல் பாடல்களைத் தொழிலாளர் கூட்டங்களில் பாடி, 1940இல் நூலாகவும் வெளியிட்டார். பெயர் தெரிந்த ஒருவரின் பாட்டு என்பதால் அதனை நாட்டார் வரிசையிலிருந்து தள்ளுவோர் உளர். அது மிகையான தூய்மை.

நேரில் கேட்க விரும்புபவர் மாசி மாதத்தில் செல்ல வேண்டும். அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றப்பட்டு, பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரிக்கப்படும் வரை, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் முன் இரவில் காமன் கூத்தில் ரதியும் மதனும் ஆடுவர். பின்னணி என்று ஒதுக்காமல் முதலில் தப்பின் அடியைக் கேட்டு, அடி மாறும் இடத்தில் ஆட்டமும் பாட்டும் எவ்வாறு திரும்புகின்றன என்று கவனிக்க வேண்டும்; மதன் எரிந்த பின் ரதியின் புலம்பல் தொடங்குகையில், கூட்டத்திலிருக்கும் முதிய பெண்களுக்கு அந்த ஒப்பாரி மெட்டு முன்பே தெரியும்.