ஸ்பிட்ஃபயர் இருக்கையை ரசிப்பது எப்படி?

பழைய நாணயத்துக்கும் தபால்தலைக்கும் ஊருக்கு ஊர் சங்கம் உண்டு. பழைய கார் வந்து நின்றால் தெருவே கூடிவிடும். விமானப் பாகம் என்றால் மட்டும், "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்று நழுவிவிடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. நான் முதலில் வாங்கியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு அலுமினியத் தாங்கி. இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடுகிற காசுதான் ஆயிற்று.

அடிப்படைகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். போர்க்கால டயல்களின் ஒளிரும் எழுத்து பெரும்பாலும் ரேடியம் பூச்சு, கண்ணாடியைத் திறக்காதீர்கள். பிரிட்டனில் போர் விமானம் விழுந்து கிடக்கிற இடத்தை உரிமமில்லாமல் தோண்டுவது 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய பெயின்டைச் சுரண்டாதீர்கள். போதும், இருக்கைக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் பறந்தது 1936 மார்ச் 5. மொத்தம் 20,000-க்கும் மேல் செய்தார்கள். போர்க்கால இருக்கைகளில் பல உலோகமே அல்ல. காகிதத்தைப் பிசினில் தோய்த்து, அடுக்கி, அழுத்திச் செய்தவை. செம்பழுப்பு நிறம். விரலால் சுண்டினால் தகரம் போல அதிராது, மரம் மாதிரி மொத்தையாகச் சத்தம் வரும். உட்காரும் இடம் தொட்டி போல ஆழம். மெத்தை எங்கே என்று தேடாதீர்கள். விமானி தன் பாராசூட் பையின் மேல்தான் உட்கார்ந்தார். அந்தப் பள்ளம் அதற்காகவே. அதில் பஞ்சு மெத்தை தைத்து வைத்து விற்கிறவர் இருக்கையைப் புரிந்துகொள்ளவே இல்லை.

இனி என் பைத்தியம். பாகத்தில் குத்தியிருக்கும் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 300 என்றால் ஸ்பிட்ஃபயரின் முதல் வடிவமான முதலாம் மார்க்குக்கு வரைந்த பாகம். 361 என்றால் ஒன்பதாம் மார்க்குக்கு. வரைந்தது, கவனியுங்கள். மாட்டியது அல்ல! மாற்றத் தேவையில்லாத பாகங்கள் பழைய எண்ணோடே பிந்தைய விமானங்களுக்கும் போயின. நம் இனிஷியல் மாதிரிதான் இது. அப்பா யார் என்று தெரியும். பையன் எந்த ஊரில் வேலை பார்க்கிறான் என்று தெரியுமா? ஆனால் ஏல விவரப் புத்தகம் எழுதுகிறவர்கள் 300-ஐக் கண்டதும் "1940 வான்போரில் பறந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். 1944-ல் செய்த பாகத்திலும் அந்த 300 இருக்கலாம், ஐயா.

மறுபக்கம் மட்டும் கறார். 361 என்று இருந்தால் 1940-க்கு வாய்ப்பே இல்லை. ஒன்பதாம் மார்க் படைக்கு வந்ததே 1942-ல். இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். "1940" என்று கடிதமே எழுதிக் கொடுத்தார் ஒருவர். வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தால், அழுக்கின் அடியில் 3, 6, 1. எண்ணுக்குப் பக்கத்தில் பரிசோதகர் முத்திரையும் இருக்கும். சி.பி.ஏ.எஃப். என்றால் கேசில் பிராம்விச் ஆலை. ஸ்பிட்ஃபயர்களில் பாதிக்கு மேல் அங்கே பிறந்தவைதான். இதையெல்லாம் படிக்காமல் பாகத்தைக் கண்ணாடிபோலப் பாலிஷ் போடுகிறவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை. நாற்காலிக்கு அலுமினியத் தகடு போர்த்தி, ரிவெட் அடித்து, 'ஏவியேட்டர்' என்று பெயர் வைத்து வரவேற்பறையில் போடுகிறார்களே, அது விமானத்தின் நிழலில்கூட நின்றதில்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் மாகாணம்' என்ற பெயரும் உண்டு, ஸ்பிட்ஃபயர் ஓட்டியவர்கள். என் முதல் தாங்கியில் 300 என்றுதான் இருக்கிறது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று இவ்வளவு நேரம் வாதாடியவன் நான்தான். போன வாரம் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கே இருந்து வந்தது, மாப்பிள்ளை?" என்றார்.

"நம்ம மெட்ராஸ் ஸ்குவாட்ரன்து" என்றேன்.