நடுவில் ஓர் ஆள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் என் பள்ளிக்கூட நண்பன், டிராயரிலிருந்து தடிமனான ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் போட்டான்.

"இதுக்கு எவ்வளவு குடுத்தேன் தெரியுமா?"

சொன்னான். அந்தக் காசுக்கு இன்னொரு லேத் வாங்கியிருக்கலாம்.

ஃபைலுக்குள் இருந்தது ஒரு தொழில்நுட்பம். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. கண்டுபிடித்தது ஓர் அரசு ஆய்வகம். எந்த ஆய்வகம் என்பது வேண்டாம். உரிமம் வாங்கிய அன்றைக்கு மேடை, பொன்னாடை, குரூப் போட்டோ எல்லாம் ஆயிற்று. இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். அங்கே உள்ளங்கை அகலத் தகட்டில் பளபளவென்று உட்கார்ந்த பூச்சு, இவன் தொட்டியில் முழு சைஸ் பாகங்களை முக்கி எடுத்ததும் திட்டுத் திட்டாக உரிந்து வந்தது. போன் போட்டான். ஒப்பந்தம் போட்டவர் மாற்றலாகிப் போயிருந்தார். கண்டுபிடித்தவர் அடுத்த ப்ராஜெக்ட்டில் மூழ்கியிருந்தார். "லெட்டர் போடுங்க சார், பார்க்கறோம்."

"கண்டுபிடிச்சவர் நல்லவர்டா. நானும் ஏமாத்தறவன் இல்லை. நடுவுல நின்னு பேசறதுக்குத்தான் ஒரு ஆள் இல்லை" என்றான்.

நான் படித்தது பி.காம். அந்தப் பூச்சின் வேதியியல் எனக்குப் புரியாது. ஆனால் இவன் சொன்ன 'நடுவில் ஓர் ஆள்' எனக்குப் புரிந்தது. உலகத்தில் அது ஒரு தனித் தொழில். லைசென்சிங் மேனேஜர், டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர் ஆபீசர் என்று அவர்களுக்குப் பல பெயர்கள். ஆய்வகத்தில் என்ன பிறந்திருக்கிறது என்று பார்த்து, காப்புரிமைக்கு ஏற்பாடு செய்து, விலை போட்டு, வாங்குபவரைத் தேடிப் பிடித்து, அவர் அதிலிருந்து ஒரு சரக்கைச் செய்து விற்கும் வரை கூடவே நிற்பதுதான் வேலை.

நம் ஊரில் இதற்கு ஒரே வார்த்தைதான் வைத்திருக்கிறோம். தரகர். அதையும் கொஞ்சம் முகம் சுளித்துத்தான் சொல்வோம். கண்டுபிடித்தவருக்கு மரியாதை, முதலாளிக்கு மரியாதை, நடுவில் இருப்பவன் கமிஷனுக்கு அலைபவன். ஆனால் கல்யாணத் தரகர்கூட தாலி கட்டியதும் காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். இந்தத் தரகர் கிளம்பக் கூடாது. மாப்பிள்ளையும் பெண்ணும் குடித்தனம் நடத்துகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏன் என்றால், ஃபைலில் இருப்பது பாதி சங்கதிதான். நாலு பேருக்கு ரசம் வைக்கத் தெரிந்தவர் நானூறு பேர் பந்திக்கு வைக்கும்போது எல்லாவற்றையும் நூறால் பெருக்கினால் போதாது. அண்டாவில் சூடு வேறு மாதிரி ஏறும், வேறு மாதிரி இறங்கும். புளி எப்போது, உப்பு எப்போது என்பது சமையல்காரர் கையில் இருக்கிறது, குறிப்பில் இல்லை. ஆய்வகத்துக் குடுவைக்கும் பட்டறைத் தொட்டிக்கும் இதே தூரம்தான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணக்கு ஒன்று உண்டு. காமர்ஸ்காரனுக்குப் பிடித்த கணக்கு. 1954இலிருந்து 1967 வரை பதின்மூன்று வருடங்களில் தன் கண்டுபிடிப்புகளால் அது சம்பாதித்தது 5,000 டாலர்கூட இல்லை. அங்கே ஆராய்ச்சி ஒப்பந்தங்களைக் கவனித்துக்கொண்டிருந்த நீல்ஸ் ரெய்மர்ஸ் என்பவர், 'வக்கீல்கள் கையில் விட்டது போதும், இது விற்பனை வேலை' என்று ஒரு சோதனை முயற்சி தொடங்கினார். முதல் வருடமே சுமார் 55,000 டாலர் வந்தது. அதே விஞ்ஞானிகள், அதே ஆய்வகம். மாறியது நடுவில் இருந்த ஆள்.

பிறகு மரபணுவை வெட்டி ஒட்டும் கோஹன், பாயர் கண்டுபிடிப்பு வந்தது. ஒரே கம்பெனிக்குப் பெரிய விலைக்குக் கொடுத்திருக்கலாம். ரெய்மர்ஸ் அப்படிச் செய்யவில்லை. 1981இல் முன்பணம் 10,000 டாலர் என்று எல்லோருக்கும் திறந்துவிட்டார். விற்பனையானால் ராயல்டி. 1997இல் காப்புரிமை முடிவதற்குள் 468 கம்பெனிகள் எடுத்திருந்தன. வந்த தொகை 25 கோடி டாலருக்கும் மேல். முன்பணத்தைக் குறைத்து, பின்னால் வருவதில் பங்கு கேட்டதுதான் சூட்சுமம். வாங்கியவன் ஜெயித்தால்தான் விற்றவனுக்குக் காசு. அப்படி இருந்தால் போன் அடிக்கும்போது யார்தான் எடுக்க மாட்டார்கள்?

'அது அமெரிக்கா சார்' என்பீர்கள். உங்கள் இடது கை ஆள்காட்டி விரலைப் பாருங்கள். ஓட்டுப் போட்டதும் அதில் வைக்கிற மை, டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கண்டுபிடிப்பு. அதை மைசூர் பெயிண்ட்ஸ் கம்பெனிக்கு உரிமமாகக் கொடுத்தது என்.ஆர்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம். ஆய்வகச் சரக்கைத் தொழிலுக்குக் கொண்டுபோகவே 1953இல் தொடங்கப்பட்டது. 1962 பொதுத்தேர்தலில் வந்த மை இன்றைக்கும் அழியவில்லை. விரலிலும், வியாபாரத்திலும்.

ஸ்வராஜ் டிராக்டர் இன்னும் சுவாரஸ்யம். துர்காபூர் அரசு ஆய்வகத்தில் வடிவமைத்தது. பஞ்சாப் அரசு அதை வாங்கி ஆலை தொடங்கியபோது, வடிவமைத்த இன்ஜினீயர் சந்திரமோகனும் அவர் குழுவும் ஆய்வகத்தை விட்டு ஆலைக்கே போய்விட்டார்கள். 1974இல் டிராக்டர் வயலில் இறங்கியது. ஃபைல் மட்டும் போகவில்லை, ஆளும் போனார்.

இப்போது நம்ம ஏரியாவுக்கு வருவோம். அம்பத்தூர், பாடி வட்டாரம் வளர்ந்ததே உரிமத் தொழில்நுட்பத்தால்தான். 1949இல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ், 1961இல் வந்த லூகாஸ் டி.வி.எஸ். எல்லாம் இங்கிலாந்துக் கூட்டில் பிறந்தவை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஃபைலைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறவில்லை. பங்குதாரராகவே உட்கார்ந்தன. இங்கே சைக்கிள் ஓடினால்தான் அங்கே லாபம்.

ஆனால் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் ஆவடி. அங்கே சி.வி.ஆர்.டி.இ. என்ற பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. அர்ஜுன் டாங்க் பிறந்த இடம். தேஜஸ் போர் விமானத்தின் ஒரு கியர் பாக்ஸ்கூட அங்கே வடிவமைத்ததுதான். அதே ஆவடியில் டாங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் இருக்கிறது. அர்ஜுன் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 1974. ராணுவம் 124 டாங்குக்கு ஆர்டர் கொடுத்தது 2000. முதல் ஐந்து ராணுவத்தின் கைக்குப் போனது 2004. ஸ்வராஜ் வயலில் இறங்கிய அதே வருடம் தொடங்கியது, முப்பது வருடம் எடுத்துக்கொண்டது.

டாங்க் டிராக்டர் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். இன்ஜின் ஜெர்மனியிலிருந்து வர வேண்டியிருந்தது. ராணுவம் கேட்டதும் மாறிக்கொண்டே இருந்தது. எல்லாப் பழியையும் நடுவில் இல்லாத ஆள் மேல் போட்டால் அது பொய். ஆனால் ஒரே ஊரில், ஒரே அமைச்சகத்தின் கீழ் இருந்த ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவிலேயே பாதை இவ்வளவு நீளம் என்றால், அம்பத்தூரில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் என் நண்பன் எந்தக் கேட்டைப் போய்த் தட்டுவான்?

2019இல் டி.ஆர்.டி.ஓ. தன் காப்புரிமைகளை இந்தியக் கம்பெனிகள் இலவசமாகவே பயன்படுத்தலாம் என்று சொன்னது. நல்ல மனசு. ஆனால் பிரச்னை விலையில் இல்லையே! என் நண்பன் காசு கொடுத்துத்தான் வாங்கினான். ஓசியில் கிடைத்திருந்தாலும் பூச்சு உரிந்துதான் இருக்கும்.

எனக்குக் கோபம் வருவது இதனால்தான். இந்த உத்தியோகம் நம் ஊரிலும் இருக்கிறது. பல ஆய்வகங்களில் தனிப் பிரிவே உண்டு. ஆனால் அவர்களுக்கு மார்க் போடுவது இந்த வருடம் எத்தனை ஒப்பந்தம் கையெழுத்தானது என்பதை வைத்து. எத்தனை சரக்கு கடைக்கு வந்தது என்று கேட்பார் இல்லை. ஆண்டறிக்கையில் போட்டோ வந்துவிடுகிறது. ஒப்பந்தத்தை எண்ணினால் ஒப்பந்தம்தான் கிடைக்கும்.

நம் முதலாளிகளும் யோக்கியம் இல்லை. விற்பனையைக் குறைத்துக் காட்டி ராயல்டியை அமுக்குபவர்கள் உண்டு. அதற்குப் பயந்துதான் ஆய்வகங்கள் மொத்தக் காசையும் முன்னாடியே கறக்கின்றன. கறந்த பிறகு மாட்டைப் பற்றிக் கவலை எதற்கு?

பி.காம். மூளைக்குத் தோன்றுவது இரண்டே யோசனை. முன்பணத்தைக் குறையுங்கள், விற்பனையில் பங்கு கேளுங்கள், கணக்கைத் தணிக்கை செய்யுங்கள். ஒப்பந்தம் போட்டவரை, முதல் லாட் சரக்கு வெளியே போகும் வரை மாற்றாதீர்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. மனசு இருந்தால் ஒரு சர்க்குலர் போதும். ஆய்வகத்தில் செலவானது நம் வரிப் பணம். அது டிராயரில் தூங்குகிறது.

கிளம்பும்போது நண்பனிடம் கேட்டேன். "இந்த ஃபைலைத் தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"எப்படிடா போடறது?" என்று மேஜை மேல் பேப்பர் பறக்காமல் வைத்திருந்த ஒரு தகட்டை எடுத்துக் காட்டினான். பயிற்சியின்போது அவர்கள் கொடுத்தனுப்பிய மாதிரி. "வாங்கி நாலு மழைக்காலம் ஆச்சு. பாரு."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளி துரு இல்லை.