மீட்டர் வகை: மூன்று கேள்விகள், ஒரே டேபிள்

மின் விநியோக நிறுவனங்களுக்கு எழுதப்படும் பில்லிங் மென்பொருள்களில் 'மீட்டர் டைப் மாஸ்டர்' என்று ஒரு திரை இருக்கும். சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா, எத்தனை இலக்கம், எந்த கம்பெனி, பெருக்கல் காரணி எவ்வளவு, எந்தக் கட்டணப் பிரிவு... எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிரப்பி சேவ் பண்ணிவிடலாம். பார்க்க எளிமைதான். ஆனால் தப்பான பில்லுக்கு ஒரு விதை இங்கேதான் விழுகிறது என்பது என் கருத்து.

காரணம், இந்த ஒரு வரிசை மூன்று தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பார்க்கிறது. இந்த மாடல் எதையெல்லாம் அளக்கும்? இந்த மீட்டர் இந்த இடத்தில் எப்படி மாட்டப்பட்டிருக்கிறது? அளந்ததில் எதற்குக் காசு வாங்குகிறோம்? முதலாவது தொழிற்சாலையில் முடிவாவது. இரண்டாவது கம்பத்தடியில். மூன்றாவது கட்டண ஆணையில்.

ஒரு சின்ன பட்டறையை எடுத்துக்கொள்வோம். 100/5 சி.டி. வழியாக மீட்டர் ஓடுகிறது, காரணி 20. ரீடிங் வித்தியாசம் 412 என்றால் 8,240 யூனிட். லோடு கூட்டியதால் சி.டி.யை 200/5 ஆக மாற்றுகிறார்கள், மீட்டர் அதேதான். இனி அதே 8,240 யூனிட்டுக்கு மீட்டர் 206தான் நகரும். காரணி 40 ஆகணும். ஆனால் அது 'வகை'க்குள் பூட்டிக் கிடக்கிறதே! வகையைத் திருத்தினால் 100/5 போட்டிருக்கும் மற்றவர்கள் எல்லாருக்கும் பில் இரட்டிப்பாகும். திருத்தாமல் விட்டால் இவருக்கு 4,120 யூனிட்டுக்குத்தான் பில் போகும். பிறகொரு நாள் ஆடிட்டில் கண்டுபிடித்து, விட்டுப்போன மொத்தத்தையும் ஒரே நோட்டீஸில் கேட்பார்கள். தப்பு மென்பொருளுடையது, பணம் கட்டுவது பட்டறைக்காரர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில மீட்டர்களில் சி.டி. விகிதத்தை உள்ளேயே பதிந்துவிடலாம். அப்போது டிஸ்ப்ளேயே 8,240 காட்டும். மாடல் பெயரை மட்டும் பார்த்து 'சி.டி. மீட்டர், காரணி 20' என்று வகை சொன்னால், பில் 1,64,800 யூனிட்டுக்கு வரும். மாடல் ஒன்றுதான், அமைப்புதான் வேறு.

கூரையில் சோலார் போட்டவர்களுக்கும் இதே கதை. இந்திய ஸ்மார்ட் மீட்டர்களை 'ஃபார்வர்ட் மட்டும்' அல்லது 'இம்போர்ட்-எக்ஸ்போர்ட்' என்று இரண்டு விதமாக ஓட்டலாம். முதல் விதத்தில், வீட்டிலிருந்து லைனுக்குப் போகிற மின்சாரமும் வீடு வாங்கினதாகவே கணக்கில் ஏறும். ஓபிஸ் குறியீடு 1.0.1.8.0.255 இரண்டிலும் அதேதான், அதன் அர்த்தம்தான் மாறுகிறது. வகைத் திரையில் இதற்கு ஒரு கட்டம் இருந்தால்கூடப் போதாது. அது அந்தத் தனி மீட்டரின் அன்றைய நிலை. தேதியோடு பதிய வேண்டியது.

இதையெல்லாம் யாரும் யோசிக்காமல் இல்லை. ஐஇசி 61968-9 தரநிலையில் மீட்டர் வேறு, அது மாட்டப்பட்ட பயன்பாட்டுப் புள்ளி வேறு, ரீடிங் வகை வேறு. ஒரு ரீடிங் என்ன என்பதைச் சொல்ல மட்டும் 18 புலங்கள். டிஎல்எம்எஸ் நெறிமுறையிலும் ஒவ்வொரு ரெஜிஸ்டரும் தன் அலகையும் பத்தின் அடுக்கையும் தானே சொல்லிவிடும். வாட்-மணியா, கிலோவாட்-மணியா என்று ஆபரேட்டர் ஊகிக்கத் தேவையே இல்லை. மீட்டர் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்காமல், நாம் கையால் டைப் அடித்ததை நம்புகிற மென்பொருளை என்னவென்று சொல்வது?

"இவ்வளவு பிரித்தால் ஆபீஸில் இருக்கிறவங்க குழம்பிடுவாங்க" என்பது விற்பனையாளர்களின் வழக்கமான பதில். இதில் பாதி நியாயம் இருக்கிறது. பத்து திரைகளைத் திறந்து நிரப்பச் சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் திரை ஒன்றாக இருக்கலாம், அடியில் இருக்கும் டேபிள் ஒன்றாக இருக்கணும் என்று அவசியமில்லையே.

குறைந்தபட்சம் மூன்று விஷயங்களையாவது கேட்டு வாங்கணும். ஒன்று, வகையில் மாடலோடு பிறந்த குணங்கள் மட்டும் இருக்க வேண்டும்: ஃபேஸ், இலக்கம், எந்தெந்த ரெஜிஸ்டர்கள். இரண்டு, சி.டி. விகிதம், காரணி, ஓட்டும் விதம் மூன்றும் மாட்டிய தேதியோடு, கழற்றிய தேதியோடு நிறுவல் பதிவில் இருக்க வேண்டும். மாறிய அன்றைய ரீடிங்கும் கூடவே. மூன்று, கிலோவாட்-மணிக்கா, கேவிஏ-மணிக்கா எதற்கு பில் என்பதைக் கட்டண விதிதான் முடிவு செய்ய வேண்டும், மீட்டர் இல்லை.

டெமோ பார்க்கப் போகிறவர்கள் ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். பாதி மாதத்தில் சி.டி.யை மாற்றி, பழைய பில்லைத் திரும்ப அச்சிடச் சொல்லுங்கள். பழைய பில்லின் எண் அசைந்தால், வாங்காதீர்கள்.