எமர்சன் தைத்த சட்டை

அமெரிக்காவின் பார்சிப்பனி, எடிசன் வட்டாரத்து வார இறுதி வேதாந்த வகுப்புகளில் ஒரு வாய்பாடு அடிக்கடி காதில் விழும்: மேற்கு பிரித்துப் பார்க்கும், கிழக்கு ஒன்றாகப் பார்க்கும். அங்கே அரிஸ்டாட்டில், இங்கே சங்கரர். பிள்ளைகளுக்குச் சொல்ல வசதியானது, ஆபீஸ் நண்பர்களிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளவும் உதவுவது. பாதிக்கு மேல் தவறு. அதைவிட வேடிக்கை, இது கிழக்கின் சரக்கே அல்ல. 1850-ல் வெளியான ‘ரெப்ரசென்டேட்டிவ் மென்’ நூலில் பிளேட்டோவைப் பற்றி எழுதும்போது, ஆசியாவை ஒருமையின் நிலமாகவும் ஐரோப்பாவை எல்லை வகுப்பதில் மகிழும் நிலமாகவும் பங்கு பிரித்தவர் அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன். மாசசூசெட்ஸில் தைத்த சட்டையை நம் பாட்டன் உடை என்று மாட்டிக்கொண்டு திரிகிறோம்.

மேற்கிலும் ஒருமைவாதிகளுக்குக் குறைவில்லை. மாற்றமும் பன்மையும் வெறும் தோற்றம் என்று பார்மெனிடீஸ் கிறிஸ்துவுக்கு முன்பே சொல்லிவிட்டார். ஸ்பினோசா உலகம் முழுவதையும் ஒரே பொருளில் அடக்கினார். இந்தப் பக்கமோ, வைசேடிகர்கள் வேற்றுமைக்கென்றே ‘விசேடம்’ என ஒரு பதார்த்தத்தை ஒதுக்கினார்கள். காஞ்சி வட்டாரத்தவராக மரபு குறிப்பிடும் பௌத்தர் திக்நாகர், ‘பசு’ என்ற சொல் பசு அல்லாதவற்றை விலக்கியே பொருள் தருகிறது என்றார். மொழியில் இருப்பது வேறுபாடுகளே என்னும் மொழியியலாளர் சசூரின் பாடம் அச்சானது 1916-ல். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயக்கணக்கர் பத்துப் பேர் ஆளுக்கொரு கட்சி பேசுகிறார்கள். ஒருமையின் கிழக்கு அந்த ஊரில் எந்தத் தெருவில் இருந்தது? ஸ்ரீபெரும்புதூர் ராமானுசர் ஒருமைக்குள்ளேயே விசேடணங்களை நிலைநிறுத்தினார். மத்வர் ஐந்து வகை பேதத்தைச் சொல்லி, அவை ஒருபோதும் அழியா என்றார்.

ஒருமையா வேற்றுமையா என்ற இந்த விவாதம் உச்சம் தொட்டது பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில், தமிழில், சைவ சித்தாந்த நூல்களில். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அவரைவிட மூத்தவரான அருணந்தி அவருக்கே சீடராகி எழுதிய சிவஞான சித்தியார், பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை பதினான்கு கட்சிகளை முதலில் பேசவிட்டுப் பிறகு மறுக்கிறது. பிறர் கட்சியைக் கேட்டுவிட்டு மறுக்கும் அந்த ஒழுங்குக்கு இணையாக இன்றைய தமிழ் விமர்சனத்தில் எதைக் காட்டுவது?

உமாபதி சிவத்தின் சிவப்பிரகாசப் பாயிரத்தில் ஒரு செய்யுள் ஆறு உவமைகளை அடுக்குகிறது. மூன்று தள்ளப்படுகின்றன, மூன்று கொள்ளப்படுகின்றன. பொன்னும் நகையும் போலவா உயிரும் இறைவனும்? இல்லை. நகையை உருக்கினால் எஞ்சுவது பொன்தான். அப்படியானால் கட்டுண்டது யார், விடுபடுவது யார்? இருளும் ஒளியும் போலவா? அதுவும் இல்லை. ஒன்றையொன்று தொடவே முடியாத இரண்டில் ஒன்று மற்றதற்கு எப்படி உதவும்? சொல்லும் பொருளும் போல ஒருபுறம் ஒன்று, ஒருபுறம் வேறு என்ற சமரசமும் தேறவில்லை. தேறியவை உடலும் உயிரும், கண்ணும் சூரியனும், உயிரின் அறிவும் கண்ணின் ஒளியும். மெய்கண்டார் முன்பே காட்டியதுதான்: ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடலோடு கூடிய உயிர் “என்ன?” என்று திரும்புகிறது. அதனால் உயிர் உடலாகிவிடவில்லை. சூரியன் காட்டக் கண் காண்கிறது, ஆனாலும் சூரியன் கண் அல்ல. ஒன்றாய், வேறாய், உடனாய் என்று சித்தாந்திகள் மூன்றையும் சேர்த்தே சொல்வது இதனால்தான். இந்த ‘உடனாய்’ என்பதற்கு எமர்சனின் இரண்டு அறைகளிலும் இடமில்லை.

இத்தனைக்கும் இந்நூல்கள் அமெரிக்காவுக்கு எட்டாதவையல்ல. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல்வராக இருந்த அமெரிக்க மிஷனரி ஹென்றி ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலமாக்கினார். அமெரிக்கக் கீழைத்தேயவியல் கழகத்தின் ஆய்விதழ் அவற்றை 1854-ல் வெளியிட்டது. தோரோவின் ‘வால்டன்’ வந்ததும் அதே ஆண்டு. வால்டன் குளத்து நீரைக் கங்கையோடு கலந்த புத்தகம் நிலைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது அலமாரிக்குப் போனது. 1893-ல் சிகாகோவில் விவேகானந்தர் பேசியபின் அத்வைதமே இந்தியா என்றாயிற்று. இரண்டு ஆண்டு கழித்து, மாவட்ட முன்சீபாக இருந்த ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை போதத்தைத் தம் குறிப்புகளோடு ஆங்கிலத்தில் தந்தார், 1897-ல் ‘சித்தாந்த தீபிகை’ இதழையும் தொடங்கினார். நீதிமன்ற வேலைக்கிடையே இவ்வளவு செய்தவரைச் சைவ சபைகளுக்கு வெளியே இன்று யாருக்குத் தெரியும்?

மேற்கிலோ, 1957-ல் ஹைடெக்கர் ‘ஒருமையும் வேற்றுமையும்’ என்றே நூல் வெளியிட்டார். 1968-ல் டெலூஸ் வேற்றுமையை ஒருமையின் பிடியிலிருந்து விடுவிக்க முனைந்தார். தமிழ்ச் சிறுபத்திரிகைகள் இவர்களை ஆர்வத்தோடு வரவேற்றன. நல்லதுதான். ஆனால் போதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய உரையான மாபாடியத்தைப் பெரும்பாலும் மடத்துச் சமாசாரம் என்று ஒதுக்கின. அந்த ஒதுக்கலுக்கு ஒரு நியாயமும் உண்டு. வேற்றுமையை இவ்வளவு நுணுகி ஆராய்ந்த மடங்கள் சாதி வேற்றுமையையும் அதே கவனத்தோடு காத்தன. ஆனால் எல்லாம் பிரமம் என்றவர்களின் பந்தியிலும் தனி இலைதான் விழுந்தது. ஒருமைத் தத்துவம் தானாகவே சமத்துவம் தந்துவிடும் என்ற வகுப்பறை நம்பிக்கைக்கு நம் வரலாற்றில் சான்றில்லை.

அமெரிக்க மண்ணிலேயே இந்த ஒருமை, வேற்றுமை வழக்கு ஒருமுறை நடந்தது. ஓக்லண்டில் பிறந்து, 1949-ல் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமி, ஹவாயின் கவாய் தீவு ஆதீனத்திலிருந்து, உயிர்கள் சிவத்திலிருந்தே தோன்றி முடிவில் சிவத்திலேயே கரைகின்றன என்று திருமந்திரத்தைச் சான்று காட்டி வாதிட்டார். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்று மெய்கண்டார் வழிவந்தோர் மறுத்தார்கள். 1980-களில் சூடு பறந்த சர்ச்சை இது. இரு தரப்பும் எடுத்து வைத்தவை தமிழ் நூல்களே. ‘கிழக்கு ஒருமை’ என்பவர் இதில் யாரைக் கிழக்கிலிருந்து வெளியேற்றுவார்?

பார்சிப்பனியிலிருந்து ரூட் 80-ல் மேற்கே ஒரு மணி நேரம் போனால் பென்சில்வேனியாவின் சேலர்ஸ்பர்க். மஞ்சக்குடியில் பிறந்த தயானந்த சரஸ்வதி 1986-ல் நிறுவிய குருகுலம் அங்கே சங்கரரை முறையாகக் கற்பிக்கிறது. சங்கரர் தம் பாடியத்தில் எதிர்க்கட்சியைச் சொல்லாமல் தம் கட்சியைச் சொல்பவரல்லர். வார இறுதி வகுப்புகள் அவரிடமிருந்து எடுக்க வேண்டியது அந்தப் பழக்கத்தை: கீதை முடிந்த கையோடு போதத்தின் இரண்டாம் சூத்திரம், பிறகு பரபக்கம், உலகாயதனிலிருந்து வரிசையாக. ஹொய்சிங்டன் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அவருடைய குறிப்புகளில் மிஷனரி வாடை அடிக்கும், நல்லசாமிப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.