சிறுவாடும் ஆண்டுக்கு ஐந்நூறும்

அம்மா இறந்து ஓராண்டு கழித்து, 2018 மார்ச்சில்தான் அவளுடைய பீரோவைத் திறந்தேன். கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்புக்குள் மஞ்சள் துணியில் சுற்றிய 23 நோட்டுகள் இருந்தன. எல்லாமே பழைய ஐந்நூறு ரூபாய். 2016 நவம்பர் 8 இரவு செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, டிசம்பர் 30க்குள் வங்கியில் கட்டியிருக்க வேண்டியவை. மொத்தம் 11,500 ரூபாய். அந்த ஐம்பது நாளும் அம்மா நல்ல நினைவோடுதான் இருந்தாள். என்னுடைய பணத்துக்காக நான் இரண்டு முறை வரிசையில் நின்றேன். "உன்கிட்ட ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. அவள் பெயரில் கணக்கு இருந்தது, ஆனால் பாஸ்புக் அப்பாவின் மேசை டிராயரில் இருந்தது. கட்டினால் பதிவாகும்; பதிவானால் "ஏது இவ்வளவு?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைவிட 11,500 ரூபாய் போவது மேல் என்று அவள் முடிவு செய்திருக்க வேண்டும்.

அந்தப் பருவத்தில் நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தது வர்ஜீனியா வுல்ஃபின் 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்'. 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் பேசியதை விரித்து 1929இல் அவர் வெளியிட்ட நூல். பெண் எழுத வேண்டுமானால் ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டும் பூட்டிக்கொள்ள ஓர் அறையும் வேண்டும் என்று அதைச் சுருக்கி, மாணவிகள் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நடத்தினேன். அதோடு என் சொந்த உபதேசத்தையும் சேர்த்துக்கொள்வேன்: "முதலில் வேலை, கையில் நாலு காசு, அப்புறம் மற்றதெல்லாம்." ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "காசு சேருற வரைக்கும் என்ன பண்றது மிஸ்?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் சொல்லவில்லை.

அந்த 23 நோட்டுகளைப் பார்த்த பிறகு நூலைத் திரும்ப வாசித்தேன். இத்தனை வருடம் நான் அதைத் தவறாக நடத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த ஐந்நூறு பவுண்டு சேமித்த பணமே அல்ல. நூலில் கதை சொல்பவளுக்கு ஓர் அத்தை. அவள் பம்பாயில் குதிரைச் சவாரி போனபோது கீழே விழுந்து இறந்துவிடுகிறாள். அவள் எழுதிவைத்துவிட்டுப் போனதுதான் ஆண்டுக்கு ஐந்நூறு, ஆயுள் முழுவதும். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த அதே காலத்தில்தான் இந்தச் செய்தியும் வருகிறது. இரண்டில் பணம்தான் பெரிதாகத் தெரிந்தது என்று அவள் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறாள். அதற்கு முன்பு உறைகளில் முகவரி எழுதி, கிழவிகளுக்கு வாசித்துக் காட்டி, காகிதப் பூ செய்து, குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள் அவள். அந்த வேலைகளின் கடுமையைவிட, அவை தன்னுள் ஊறவிட்ட பயத்தையும் கசப்பையும்தான் அவள் அதிகம் பேசுகிறாள். பணம் வந்ததும் அந்தப் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கண்முன்னால் இருக்கும் மரத்தையும் வானத்தையும் புத்தகத்தையும் அவற்றுக்காகவே பார்க்க முடிகிறது. சாப்பிட்ட இடத்தில் பத்து ஷில்லிங் நோட்டைக் கொடுத்துவிட்டு, தன் பர்ஸில் நோட்டுகள் தாமாகவே பிறக்கின்றனவே என்று வியக்கும் ஓர் இடமும் உண்டு.

எனக்கு உறைத்தது இங்கேதான். வுல்ஃப் கேட்பது மறுபடியும் மறுபடியும் வரும் பணம். எதிர்காலத்துக்கென்று ஒதுக்கிப் பூட்டிய பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. இன்று செலவழித்தாலும் அடுத்த மாதம் வரும் என்ற நிச்சயம்தான் அந்தப் பெண்ணை நிகழ்காலத்துக்குள் அனுமதிக்கிறது. என் அம்மாவின் சிறுவாடு அப்படிப்பட்டதல்ல. காய்கறிக் காசில் மிச்சம் பிடித்தது, பழைய பேப்பர் போட்டது, தாய்வீட்டில் கையில் திணித்தது என்று பத்தும் ஐம்பதுமாய்ச் சேர்ந்தது அது. எடுத்தால் குறையும், குறைந்தால் மறுபடி நிறையுமா என்று தெரியாது. அதனால் எடுக்க முடியாத பணம். கன்னியாகுமரி போய்ச் சூரியோதயம் பார்க்க வேண்டும் என்று அவள் வருடந்தோறும் சொல்வாள். "போயிட்டு வரலாம்மா" என்றால், "இப்ப வேணாம், ஆத்திர அவசரத்துக்கு வேணும்" என்பாள். அந்த ஆத்திர அவசரம் அப்பாவின் ஆபரேஷனாகவும் தம்பியின் கல்லூரிக் கட்டணமாகவும் பலமுறை வந்தது. ஒருமுறைகூட அவளுடையதாக வரவில்லை.

நூலின் முதல் பகுதியில் மிஸஸ் சீட்டன் என்ற தாய் வருகிறாள். பெண்கள் கல்லூரியின் இரவு விருந்தில் உலர்ந்த பிளம்ஸும் கஸ்டர்டும்தான் கிடைக்கின்றன. மதியம் ஆண்கள் கல்லூரியில் சாப்பிட்டதோ பெருவிருந்து. நம் தாய்மார்கள் நமக்கென்று ஏன் எதையும் சேர்த்துவைக்கவில்லை என்ற கோபம் கதைசொல்லிக்கு வருகிறது. மிஸஸ் சீட்டன் பதின்மூன்று பிள்ளை பெற்றவள். அவள் வியாபாரத்தில் இறங்கிப் பணம் சேர்த்திருந்தால் கல்லூரிக்குச் சொத்து இருந்திருக்கும். ஆனால் அவளுடைய மகள் மேரி பிறந்திருக்கமாட்டாள், அந்த மகள் ஆசையாய் நினைத்துப் பார்க்கும் ஸ்காட்லாந்து நாட்களும் இருந்திருக்காது. அடுத்த அடியில் வுல்ஃப் சட்டத்துக்கு வருகிறார். இங்கிலாந்தில் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் வந்தது 1882இல். அதற்கு முன்பு அவள் சம்பாதித்திருந்தாலும் அது கணவனுடையதாகியிருக்கும் என்பது வுல்ஃபின் வாதம். சேர்க்காதது அவளுடைய ஊதாரித்தனமோ சோம்பலோ அல்ல என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இதை என் வீட்டுக்கு மொழிபெயர்த்துப் பார்த்தேன். தமிழ்நாட்டில் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்த திருத்தம் 1989இல் வந்தது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது இல்லை. அம்மாவுக்குக் கல்யாணம் 1974இல். மணமான மகளுக்கும் உரிமை என்று 2005இல் மத்தியச் சட்டம் திருந்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பு பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. மாமாக்கள் 1994லேயே பிரித்துப் பதிந்துவிட்டார்கள். இரண்டு சட்டமும் அம்மாவின் வாசல் வரை வந்து திரும்பிவிட்டன. அவளுக்கு மிஞ்சியது புடவை மடிப்புதான். "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பார்கள். எங்கள் வீட்டில் கட்டியது அம்மா, வாழ்ந்தது மற்றவர்கள்.

வுல்ஃபோடு எனக்கு இரண்டு சண்டைகள் உண்டு. பம்பாய் அவருக்கு அத்தை விழுவதற்கு ஓர் ஊர், அவ்வளவுதான். ஆங்கிலேயப் பெண் ஒருத்தி அங்கே எப்படிக் குதிரையேறி உலவ முடிந்தது, அந்தச் செல்வத்தின் நிழலில் யார் நின்றார்கள் என்று நூல் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாவது சண்டை எனக்கு இன்னும் நெருக்கமானது. மிஸஸ் சீட்டனுக்கு நூல் தரும் தேர்வுகள் இரண்டே: பிள்ளைகள் அல்லது அறக்கட்டளை. இரண்டுமே மற்றவர்களின் நாளைக்கு. அவள் கையில் காசு இருந்தால் தனக்காக என்ன செய்திருப்பாள் என்று யாரும் கேட்பதில்லை. மகள் தாயிடம் கணக்குக் கேட்கிறாள், ஆசையைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று நம் காதில் இரண்டு உபதேசங்கள் ஓதப்படுகின்றன. காபிக் கோப்பையிலும் சட்டையிலும் 'இந்தக் கணத்தில் வாழ்' என்று அச்சடித்து விற்கிறார்கள். இன்னொரு பக்கம், ஆறு மாதச் செலவை அவசரநிதியாக ஒதுக்கச் சொல்லும் வீடியோக்கள். இரண்டும் எதிரெதிர்போலத் தெரிந்தாலும் பேசுவது மாதச் சம்பளமும் தன் பெயரில் கணக்கும் உள்ள ஒருவரிடம்தான். அவை இல்லாத பெண்ணிடம் 'வாழ்' என்பதும் 'சேமி' என்பதும் ஒன்றே: உன் நிலைமைக்கு நீயே பொறுப்பு.

ராஜம் கிருஷ்ணனைப் பற்றிப் பேசும்போதும் இதே தொனியைக் கேட்டிருக்கிறேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடம் நேரில் போய் அறிந்து 'கரிப்பு மணிகள்' எழுதியவர் அவர். நீலகிரியின் படகர் வாழ்வைக் 'குறிஞ்சித்தேன்' ஆக்கியவர். கணவர் மறைந்த பின் கடைசி ஆண்டுகளை முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் கழித்து, 2014இல் காலமானார். "எழுதி என்ன, கடைசிக் காலத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளவில்லையே" என்று ஒரு கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அந்தப் பயணங்களைத் தவிர்த்துக் காசைப் பூட்டியிருந்தால் நமக்கு அந்த நாவல்கள் இல்லை. 2009இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிப் பரிவுத்தொகை வழங்கியது. நல்ல செயல். ஆனால் ஓர் எழுத்தாளரின் முதுமை ஏன் அவருடைய சிக்கனத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. அவருடைய வாழ்க்கையை எச்சரிக்கைக் கதையாகச் சொல்பவர்கள் இந்தக் கேள்வியை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது சித்திக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது. முதல் மூன்று மாதம் அவள் தொடவில்லை. அம்மாவின் தங்கை அல்லவா. நான்காவது மாதமும் வந்ததும், பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு கட்டணமில்லா டவுன் பஸ் ஏறிப் போய், ஒரு சினிமாவும் ஹோட்டலில் நெய் ரோஸ்டும். "இனிமே மாசாமாசம் வருமாம்டி" என்று போனில் சொன்னாள். வுல்ஃபின் பத்து ஷில்லிங் நோட்டு எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது. ஆயிரம் ரூபாயில் ஒரு குடும்பம் நிமிர்ந்துவிடாது. எல்லோருக்கும் அது கிடைப்பதுமில்லை. ஆனாலும் திரும்ப வரும் என்ற நம்பிக்கை சித்திக்கு ஒரு மத்தியானத்தைத் தந்தது. அம்மாவின் 11,500 அவளுக்கு ஒரு விடியலைக்கூடத் தரவில்லை.

நானும் மாறியவள் அல்ல. கௌரவ விரிவுரையாளர் வேலை, வருடத்துக்குப் பதினோரு மாதச் சம்பளம், மே மாதம் கிடையாது. அந்த ஒரு மாதத்துக்காகப் பதினோரு மாதமும் பயந்து, இந்தக் கட்டுரையை ஏழு வருடம் தள்ளிப்போட்டேன். நிரந்தரமானதும் எழுதலாம் என்று.

பின்வரிசைப் பெண்ணுக்கு இப்போது பதில் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன். சேர்த்துவை, உன் பெயரில், உன் கையிலிருக்கும் பாஸ்புக்கில். அதில் ஒரு பங்கை இந்த வருடமே, நீ ஆசைப்பட்ட ஒன்றுக்காகச் செலவழி, அதற்கு யாரிடமும் கணக்குச் சொல்லாதே. சேமிப்பால் மட்டும் பயம் போகாது என்பதையும் தெரிந்துகொள். மறுபடி மறுபடி வரும் கூலி, சொத்தில் பங்கு, முதுமைக்கு ஓய்வூதியம் எல்லாம் கேட்டு வாங்க வேண்டியவை. அவற்றைத் தனியாகக் கேட்க முடியாது. இவை வந்து சேரும்வரை எழுதாமலும் இருக்காதே.

பழைய நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். படிப்புக்கும் ஆய்வுக்கும் என்றால் 25 வரை அனுமதி உண்டு. அம்மாவின் 23 நோட்டுகளும் அதே மஞ்சள் துணியில், என் மேசையில் இருக்கின்றன. ஆய்வுக்காக.